செயலாளரின் ஆண்டறிக்கை: ஹார்னெட் கட்டிய வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

எத்தனை கூட்டம் நடந்தது, யார் யார் வந்தார்கள் என்று வாசிப்பது இந்த அறிக்கையின் மரபு. கூட்டங்கள் நடந்தன. வடை, தேநீர்ச் செலவைப் பொருளாளர் சொல்வார். எனக்குச் சொல்ல இருப்பது நாம் கட்டிய ஒரு ரிமோட் வண்டியைப் பற்றித்தான்.

ஓடத் தயாராக வரும் ரிமோட் வண்டியை வாங்குவதா, உதிரிப் பாகங்களாக வரும் கிட் வாங்கி நாமே கட்டுவதா என்று சென்ற பொதுக்குழுவில் நடந்த சண்டை நினைவிருக்கும். கிட் பக்கம் நின்றவன் நான். ஜப்பானின் ஷிசுவோகாவில் உள்ள தமியா நிறுவனம் 1984-ல் வெளியிட்டு, 2004-ல் மறுபடி கொண்டுவந்த 1/10 அளவு ‘ஹார்னெட்’ என்ற பகியை, அதாவது கரடுமுரடான தரையில் ஓடும் வண்டியைத் தேர்ந்தோம். (‘பக்கி’ என்று தட்டச்சாகியிருந்தால் அது யாரையும் குறிப்பதல்ல.) இதன் உடன்பிறப்பான ‘கிராஸ்ஹாப்பர்’ 380 என்ற சிறிய மோட்டாரில் ஓடும், ஹார்னெட்டுக்கு அதைவிடப் பெரிய 540. விலைதான் கையைக் கடித்தது. பொம்மை இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் ஏறியிருக்கிறது. நாற்பது தாண்டிய நாம் ஆடும் ஆட்டமும் பொம்மைக் கணக்குதான்.

முதல் ஞாயிறே அடி விழுந்தது. ஜப்பான் திருகுகளின் தலைப்பள்ளம் நம் ஊர் ஸ்டார் ஸ்க்ரூட்ரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. அழுத்தித் திருகினால் நழுவித் தலையை மொழுக்கிவிடும். மூன்று திருகு போன பிறகு, அதற்கென்றே உள்ள ஜேஐஎஸ் (ஜப்பான் தொழில்துறைத் தரம்) ஸ்க்ரூட்ரைவர் ஒன்று வாங்கினோம். கழற்றிய திருகைப் பிளாஸ்டிக்கில் மறுபடி போடும்போது, முதலில் கழற்றும் திசையில் மெல்லத் திருப்ப வேண்டும். பழைய மரையில் ‘டக்’கென்று விழும், அதன்பின் முறுக்கினால் பிளாஸ்டிக் பிழைக்கும். இதைக் கற்றுத்தந்தவர் நம்மில் தையல் மெஷின் பழுது பார்ப்பவர்.

அடுத்தது என் தவறு. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு மின்சாரம் கொடுத்து, சக்கரத்தைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோ நடுநிலைக்கு வந்த பிறகுதான் அதன் கையைப் பொருத்த வேண்டும். அவசரத்தில் கொடுக்காமலே பொருத்திவிட்டேன். வெள்ளோட்டத்தில் வண்டி நேரே போகாமல் மைதானத்தை வலம் வந்துகொண்டே இருந்தது. தேங்காய் உடைக்கச் சொன்னவர் யாரென்று தெரியும், பெயரை எழுதவில்லை.

வண்டியின் மேல்கூடு பாலிகார்பனேட் என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக். அதற்கு உள்பக்கம்தான் வண்ணம் அடிக்க வேண்டும், வெளியே ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தை அடித்து முடித்த பிறகே உரிக்க வேண்டும். நம்மவர் ஒருவர் முன்னதாகவே உரித்துவிட்டார். பெட்டிப் படத்தில் உள்ளதுபோல் கறுப்புதான் அடித்தோம். வெளியே தெறித்ததும் கறுப்பாகவே போனதால் அவ்வளவாகத் தெரியவில்லை.

ஓட்டத்தைப் பற்றி: பின் அச்சு, கியர்பெட்டி, மோட்டார் மூன்றும் ஒரே கட்டாக எழுந்து இறங்குவதால், மேடு கண்டால் தவளைபோல் குதிக்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது. செம்மண் புழுதி, அச்சு சுழலும் வளையங்களான புஷ்களைத் தின்றுவிட்டது. அவற்றுக்குப் பதில் பேரிங் போட்டாக வேண்டும், தீர்மானம் இணைப்பில். எங்கே என்ன தேய்ந்தது என்று கழற்றாமலே சொல்ல முடிந்தது, நாமே கட்டியதால்தான். சென்ற ஆண்டு எதிர்த்துப் பேசியவர்கள் கவனிக்க.

பேட்டரியில் மட்டும் விளையாட்டு கூடாது. இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழு சார்ஜில் 8.4 வோல்ட். செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் கெட்டுப்போகும். வோல்ட் குறைந்தால் ஓட்டத்தை நிறுத்தும் கட்ஆஃபை வைக்க மறந்து ஓட்டியதில் ஒன்று உப்பிப்போனது. இனி சார்ஜ் ஏறும்போது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், மணல் வாளியும் அருகில் இருக்க வேண்டும். ஓட்டாமல் வைக்கும்போது செல்லுக்குச் சுமார் 3.8 வோல்ட்டில் வையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த ஜேஐஎஸ் ஸ்க்ரூட்ரைவர் தீபாவளிக்கு முன்பிருந்தே அலமாரியில் இல்லை. எடுத்துப் போனவர் பெயர் சொல்ல வேண்டாம், இரவோடு இரவாக மேசையில் வைத்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
செயலாளர்