கழித்தலில் அவசரம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியின் கிராமப் பாடசாலையொன்றில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிப்பவன் என்ற வகையில், தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை மனத்திற்கொண்டு மூன்றாம் தரத்திலேயே பக்கம் பக்கமாகக் கழித்தற் கணக்குகளைச் செய்விக்கும் பெற்றோரிடமும் தனியார் வகுப்பு நடத்துவோரிடமும் ஒரு வேண்டுகோளை முன்வைக்க விரும்புகின்றேன்.

52 இலிருந்து 27 ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். இது கவனக்குறைவு அன்று. 2 இலிருந்து 7 ஐ எடுக்க இயலாதபடியால், பிள்ளை 7 இலிருந்து 2 ஐ எடுத்துவிடுகின்றது. ஒவ்வொரு நிரலும் அதற்குத் தனித்தனிக் கணக்கு. கடன் வாங்கப் பழகிய பிள்ளையும், 5 ஐ வெட்டி 4 என்று எழுதிவிட்டு, 2 எப்படி 12 ஆனது என்று கேட்டால் விழிக்கின்றது.

இதற்குப் பெருஞ்செலவு எதுவும் வேண்டியதில்லை. ஈர்க்குகளைச் சிறு துண்டுகளாக முறித்து, பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டுகளையும் இரண்டு தனி ஈர்க்குகளையும் பிள்ளையின் முன் வைத்து, இருபத்தேழைத் தரும்படி கேளுங்கள். இரண்டு தனி ஈர்க்குகளைத் தந்தபின் அது தயங்கும். அந்தத் தயக்கத்தின்போது நாம் வாய் திறக்காதிருப்பதே மிக முக்கியம்; பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே ஒரு கட்டை அவிழ்ப்பார்கள். கட்டு அவிழ்ந்தாலும் மொத்தம் 52 தான் என்பதையும், நான்கு பத்துகளும் பன்னிரண்டு ஒன்றுகளுமே அதே 52 என்பதையும் பிள்ளை தன் கையாலேயே அறிந்த பின்னர், பத்தினிடம், ஒன்றினிடம் என்று நிரல்களை வரைந்து, செய்த ஒவ்வொரு செயலையும் உடனுக்குடன் எழுத வைக்கலாம்.

403 இலிருந்து 168 ஐக் கழிப்பது போன்ற, நடுவில் பூச்சியம் வரும் கணக்குகளுக்குக் காசே போதும். ஒரு நூறு ரூபாய்த் தாளைப் பத்துப் பத்து ரூபாய்க் குற்றிகளாகவும், அவற்றுள் ஒன்றைப் பத்து ஒரு ரூபாய்க் குற்றிகளாகவும் மாற்றினால், மூன்று நூறுகள், ஒன்பது பத்துகள், பதின்மூன்று ஒன்றுகள் என்றாகும். பூச்சியத்தின் மேல் 9 எங்கிருந்து வந்தது என்ற குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். விடையான 235 உடன் 168 ஐக் கூட்டிப் பார்க்கவும் பழக்குங்கள்.

தங்கள் பத்திரிகையின் சிறுவர் பகுதியில் கணக்குகளை வெளியிடும்போது, விடையுடன் இத்தகைய படிமுறைகளையும் படங்களாகத் தந்தால், தனியார் வகுப்புக்குப் போக வசதியற்ற பிள்ளைகளின் வீடுகளுக்கும் அவை போய்ச் சேரும்.

இங்ஙனம்,
ஆரம்பப் பிரிவு ஆசிரியர் ஒருவர்,
மாங்குளம்.