ஹௌலுக்குப் பின்னால் ஒரு எழுத்தாளர் இருக்கிறார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஜப்பானிய அனிமேஷன் படங்களைப் பற்றி வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். இயக்குநர் மியாசாகியின் 'ஹௌல்ஸ் மூவிங் காஸில்' படத்துக்கு அவ்வளவு இடம் ஒதுக்கிவிட்டு, அந்தக் கதையை 1986இல் நாவலாக எழுதிய டயானா வின் ஜோன்ஸின் பெயரை ஒரு இடத்தில்கூடப் போடாமல் விட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒரு இங்கிலாந்துக் கதையின் தழுவல் என்று ஒரே வரி. போதாததற்குப் பெட்டிச் செய்தியில், பிள்ளைகளுக்கான மாயாஜால நாவலே ஹாரி பாட்டரோடுதான் பிறந்தது என்கிற தொனி வேறு. ஹாரி பாட்டர் வந்தது 1997இல். அதற்கு 20 வருடம் முன்பே டயானாவின் 'சார்ம்டு லைஃப்' நாவல் வெளிவந்து, அடுத்த வருடமே சிறுவர் நூலுக்கான கார்டியன் பரிசும் வாங்கிவிட்டது.

பெயர் விட்டுப்போனது ஒரு பக்கம் இருக்கட்டும். மாயாஜாலக் கதை எழுதுகிறவர்கள் நிஜ வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடுகிறவர்கள் என்று கட்டுரையாளர் போகிற போக்கில் சொல்லியிருக்கிறாரே, அதுதான் என்னை எழுத வைத்தது. டயானா எங்கும் ஓடவில்லை. அவருடைய கதைகளில் வரும் மந்திரவாதிகள் பாதிப்பேர் அவர் வளர்ந்த வீட்டுப் பெரியவர்களேதான்.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1934இல் லண்டனில் பிறந்தவர். மூன்று சகோதரிகளில் மூத்தவர். போர் தொடங்கியதும் ஐந்து வயதில் வேல்ஸில் இருந்த தாத்தா வீட்டுக்கு அனுப்பினார்கள், பிறகு ஏரிகள் நிறைந்த கோனிஸ்டன் பக்கம். அங்கே இருந்த பழைய வீட்டில் காகிதத் தட்டுப்பாடு. பரணில் கிடைத்த பூ ஓவியங்களை ரப்பரால் அழித்துவிட்டு, அந்தத் தாளில் தான் வரைந்தாராம். அவை புகழ்பெற்ற கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் வரைந்தவை என்று தெரிந்தபோது நல்ல தண்டனை. அதே ஊர்ப்பக்கம் இருந்த, பிள்ளைகளுக்குக் கதை எழுதிய ஆர்தர் ரான்ஸம், பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள் என்று சண்டைக்கு வந்தார். 'பீட்டர் ராபிட்' முயல் கதைகளை எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர், தன் வீட்டுக் கேட்டில் தொங்கி ஆடியதற்காக டயானாவின் தங்கையை அடித்தார். புத்தகங்கள் ஏதோ மெஷினில் தயாராகின்றன என்று நினைத்திருந்த சிறுமிக்கு, அவற்றை எழுதுவது மனிதர்கள், அதுவும் குழந்தைகளைக் கண்டாலே எரிந்து விழுகிற மனிதர்கள் என்று தெரிந்தது இப்படித்தான்!

1943இல் எஸெக்ஸில் தாக்ஸ்டட் என்ற ஊருக்குக் குடிபோனார்கள். பெற்றோர் அங்கே ஒரு பயிற்சி மையம் நடத்தினார்கள். வருகிற விருந்தாளிகளைக் கவனிக்கவே நேரம் போதவில்லை. பெண்கள் மூவரும் முற்றத்துக்கு அப்பால், குளிர் காய வழியில்லாத ஒரு ஒட்டுக்கட்டிடத்தில் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டு வளர்ந்தார்கள். அப்பா படித்தவர், ஆனால் மகா கஞ்சர். ரான்ஸமின் புத்தகங்களை மொத்தமாக வாங்கி அலமாரியில் பூட்டி வைத்து, கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அதுவும் மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்று என்று கொடுத்தார். படிக்கப் புத்தகம் இல்லாததால் டயானா நோட்டுகளில் தானே கதை எழுதி, இரவில் தங்கைகளுக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்தார். எட்டு வயதில், நான் எழுத்தாளராகப் போகிறேன் என்று சொன்னபோது பெற்றோர் சிரித்தார்களாம்.

இதைத் தெரிந்துகொண்டு 'சார்ம்டு லைஃப்' படித்துப் பாருங்கள். கேட் என்ற சிறுவனுக்கு ஒன்பது உயிர் உண்டு, பெரிய மந்திர சக்தியும் உண்டு, ஆனால் அது அவனுக்கே தெரியாது. அந்தச் சக்தியை அவனுடைய அக்கா திருடித் திருடிப் பயன்படுத்துகிறாள். அவனோ அவள்தான் உலகம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு திரிகிறான். (கதையைச் சொல்லிவிட்டேன் என்று கோபிக்காதீர்கள், இது தெரிந்து படித்தாலும் குறையாது.) 1981இல் வந்த 'தி டைம் ஆஃப் தி கோஸ்ட்' இன்னும் நேரடி. பள்ளிக்கூடம் நடத்துகிற பெற்றோர், மறக்கப்பட்ட பெண்கள். உண்மையில் நடந்ததை அப்படியே எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று குறைத்துத்தான் எழுதினேன் என்றார் டயானா. தப்பி ஓடுகிறவர் செய்கிற வேலையா இது?

'ஹௌல்' நாவலிலும் சோஃபி மூன்று சகோதரிகளில் மூத்தவள். மூத்தவளுக்கு எதுவும் விளங்காது என்று கதைகள் சொல்வதை நம்பி, தொப்பிக் கடையில் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். சூனியக்காரி அவளைக் கிழவியாக்கிய பிறகுதான் வாயே திறக்கிறாள்! ஹௌல் யார் தெரியுமா? வேல்ஸ்காரன். மாயக் கோட்டையின் கதவு ஒரு பக்கம் திறந்தால் வேல்ஸில் அவனுடைய அக்கா வீடு, டிவி, அக்காவின் வசவு எல்லாம் வரும். படத்தில் இது எதுவும் இல்லை, அந்த இடத்தில் போர் இருக்கிறது. டயானாவுக்கு அதில் வருத்தமில்லை, படம் அவருக்குப் பிடித்தே இருந்தது. மியாசாகியும் நானும் போர்க்காலத்துக் குழந்தைகள், அதற்கு எதிரெதிர் திசையில் போயிருக்கிறோம் என்கிற பொருளில் சொன்னார். நகரும் கோட்டை என்ற யோசனைகூட, எழுத்தாளராக அவர் பார்க்கப் போன ஒரு பள்ளியில் ஒரு பையன் கேட்டது. பையனின் பெயரைக் குறித்துவைத்த சீட்டைத் தொலைத்துவிட்டார்.

ஆக்ஸ்போர்டில், 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கியனின் வகுப்பில் உட்கார்ந்தவர் அவர். டோல்கியன் கரும்பலகையைப் பார்த்து முணுமுணுத்துப் பாடம் எடுத்ததைக் கிண்டலாக எழுதியிருக்கிறார். தன் துறையையும் விட்டுவைக்கவில்லை. 1996இல் வந்த 'தி டஃப் கைடு டு ஃபேண்டஸிலேண்ட்' மாயாஜால நாட்டுக்கு ஒரு சுற்றுலாக் கையேடு: அங்கே எந்த நேரமும் ஸ்டூ மட்டும்தான் சாப்பாடு, குதிரைகள் சைக்கிள் மாதிரி களைக்காமல் ஓடும். நம்மூரில் ராஜா, மந்திரவாதி, வாள் என்று தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு இதைக் கட்டாயப் பாடமாக வைக்கலாம்.

2011 மார்ச்சில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தபோது ஒரு நாவல் பாதியில் நின்றது. முன்பு இரவில் கதை கேட்ட கடைசித் தங்கை அர்சுலாதான் அதை எழுதி முடித்தார். 2014இல் 'தி ஐலண்ட்ஸ் ஆஃப் கல்டியா' என்று வந்தது.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். முடிந்தால் டயானாவைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றும். ஆனால் மறுபடியும் படத்திலிருந்து ஆரம்பிக்காமல், 'சார்ம்டு லைஃப்' நாவலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி