நாளைக்குக் கார் எடுக்காதே, பிள்ளை

23 ஜனவரி 2025, வியாழன் இரவு

அன்பு மகளுக்கு,

போனில் கதைத்தால் நாம் இரண்டு பேரும் குரலை உயர்த்திவிடுவோம், அதனால் எழுதுகிறேன். மாலையில் உன் போனுக்கும் ஏயோவின் புயலுக்கான அந்த அவசர எச்சரிக்கை வந்திருக்கும். சைரன் மாதிரிச் சத்தம் போடுமே, அதுதான். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் ஏறத்தாழ 45 லட்சம் பேருக்கு அனுப்பியிருக்கிறார்கள். டிசம்பரில் டாரா புயல் வந்தபோது கார்டிஃபில் தம்பிக்கும் இப்படித்தான் வந்தது. அன்று அவன் வீட்டோடு கிடந்தான். நீ மட்டும் "பார்மசியை யார் திறப்பது, அப்பா?" என்று கேட்கிறாய்.

அந்தக் கேள்வியை நான் குறைவாக நினைக்கவில்லை. நானும் கடைக்காரன்தான். கடையைப் பூட்டி வைத்துவிட்டு வீட்டில் இருக்க என் கையும் காலும் ஒத்துக்கொள்ளாது. அந்தக் குணம் உனக்கு என்னிடமிருந்து வந்ததுதான், அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலில் நாளைக்கு என்ன வரப்போகிறது என்பதைப் பார். இந்த ஏயோவின் புயலின் நடு அழுத்தம் 24 மணி நேரத்துக்குள் 50 மில்லிபார் அளவுக்கு விழும் என்கிறார்கள். 24 விழுந்தாலே அதை வெடிப்புப் புயல் என்று கணக்கெடுப்பார்கள். இந்த வாரம் நியூ ஓர்லியன்ஸில் பனி கொட்டியதே, படம் அனுப்பியிருந்தாயே, அதுவும் இதுவும் ஒரே கதைதான். அமெரிக்காவின் தெற்கு வரை இறங்கிய கடும் குளிர் அங்கே இருந்த வெப்பக் காற்றோடு மோதியதில், மேலே ஓடும் ஜெட் காற்று வேகம் பிடித்துவிட்டது. அதுதான் அட்லாண்டிக்கில் இந்தப் புயலை இழுத்து வளர்த்திருக்கிறது.

அயர்லாந்துக் குடியரசு முழுவதற்கும் சிவப்பு எச்சரிக்கை. வட அயர்லாந்துக்குக் காலை 7 மணியிலிருந்து பின்னேரம் 2 மணி வரை சிவப்பு, பள்ளிக்கூடங்கள் எல்லாம் பூட்டு. உன் பக்கத்துக்கு 10 மணியிலிருந்து 5 மணி வரை. ஸ்கொட்லாந்தில் நாளைக்கு ரயிலே ஓடாது என்று அறிவித்துவிட்டார்கள். எங்களுக்கு இங்கே வட இங்கிலாந்தில், வியர்டேலில், சிவப்புக்கு ஒரு படி குறைந்த அம்பர். ஈஸ்ட் ஹாமில் இருக்கும் மாமி "என்ன, பெரிய காற்றா?" என்று கேட்டா. லண்டனில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். சின்ன நாடுதான் இது, என்றாலும் ஒரே புயல் ஒரு ஊரில் குப்பைத் தொட்டியைச் சாய்த்துவிட்டுப் போகும், இன்னொரு ஊரில் கூரையைக் கொண்டுபோகும். நீ இருப்பது ஸ்கொட்லாந்தின் தென்மேற்குக் கரையில், பலன்ட்ரேயில். உனக்கும் வட அயர்லாந்தின் அன்ட்ரிம் கரைக்கும் நடுவில் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் இல்லை.

பிறகு அந்த ஏ77 பாதை. பலன்ட்ரேயிலிருந்து உன் பார்மசி இருக்கும் கேர்வன் வரை 13 மைல். போன கோடையில் அந்தப் பாதையில் உன்னோடு வந்தபோது, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் காரின் கண்ணாடிக்குக் கீழேயே கடல், தூரத்தில் எய்ல்சா கிரெய்க் தீவு என்று அம்மா வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தா. நான் பார்த்தது பாதையோரச் சுவரின் உயரத்தைத்தான். கெய்ர்ன்ரயன் துறைமுகத்தில் கப்பல் ஏறப் போகிற உயரமான லொறிகளும் அதே பாதையில்தான் வரும். காற்றில் லொறி சாய்ந்தால் உன் காருக்கு ஒதுங்க இடம் எங்கே இருக்கிறது?

உங்கள் எவருக்கும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்லுகிறேன். 2021 நவம்பர் 26, ஆர்வென் புயல் இரவு. நீ அப்போது கிளாஸ்கோவில் படித்துக்கொண்டிருந்தாய். சிவப்பு கடலோரத்துக்குத்தானே, நாங்கள் மலைப்பக்கம்தானே என்று நான் துணிந்துவிட்டேன். எட்டு மணி போலக் கரண்ட் போனது. கடை ஃப்ரீஸரில் இருக்கும் சாமான் பழுதாகிவிடுமே என்று அம்மா தடுக்கத் தடுக்கக் கார் எடுத்தேன். இரண்டு மைல்தானே. கடையில் என்னால் செய்ய ஒன்றுமே இருக்கவில்லை. மூடி திறக்காமல் வைத்தால் நிறைந்த ஃப்ரீஸர் இரண்டு நாள் தாங்கும், அது எனக்கே தெரியும்.

திரும்பி வரும்போது பனியும் சேர்ந்து கொட்டியது. வளைவில் ஒரு மரம் பாதைக்குக் குறுக்கே கிடந்தது. பிரேக் போட்டு நிறுத்தி, பின்னால் எடுப்போம் என்று கியரை மாற்றும்போதே பின்னாலும் ஒன்று விழுந்தது. காரின் பின் விளக்கு வெளிச்சத்தில் அதன் வேரைப் பார்த்தேன், ஒரு அறையின் சுவர் அளவுக்கு மண்ணோடு நிமிர்ந்து நின்றது. ஒரு நொடி முந்தி நான் பின்னால் எடுத்திருந்தால் அதன் கீழே இருந்திருப்பேன். காரை அப்படியே விட்டுவிட்டு, கல் மதிலைக் கையால் தடவித் தடவி வீட்டுக்கு நடந்து வந்தேன். அம்மாவிடம் கார் பள்ளத்தில் இறங்கிவிட்டது என்றேன்.

இங்கே மரங்கள் தென்மேற்குக் காற்றுக்குப் பழகி வேர் விட்டவை. ஆர்வென் வடக்கிலிருந்து அடித்தது. நோர்தம்பர்லாந்தில் ப்ரிஸ்லி வுட்டில் மணிக்கு 98 மைல் வேகம் பதிவானது. அந்தப் புயலில் இறந்த மூன்று பேரும் மரம் விழுந்து இறந்தவர்கள், அதில் இரண்டு பேர் வண்டிக்குள் இருந்தவர்கள். செய்தியில் அதைக் கேட்டபோது அம்மா என் பக்கத்தில்தான் இருந்தா. நான் எழும்பிப் போய்விட்டேன்.

நான் எழுத வந்தது இதற்குப் பிறகு நடந்ததைத்தான். அந்த வெள்ளி இரவு என் கடை ஒருவருக்கும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது சனிக்கிழமை காலையிலிருந்து. எங்களுக்கு ஆறு நாள் கரண்ட் இல்லை. பள்ளத்தாக்கில் சில வீடுகளுக்கு ஒரு கிழமைக்கு மேலாயிற்று, கடைசியில் இராணுவத்தினர் வந்து வீடு வீடாகத் தட்டிப் பார்த்தார்கள். கார்ட் மெஷின் வேலை செய்யவில்லை, பணம் எடுக்கிற மெஷினும் இல்லை. உன் பழைய கணக்குக் கொப்பி ஒன்றை எடுத்து, பெயரும் தொகையும் எழுதிப் பாண், பால், பற்றரி என்று கொடுத்தேன். ஒரு பென்ஸ் விடாமல் எல்லாரும் கொண்டுவந்து தந்தார்கள். மூச்சு எடுக்க ஒக்சிஜன் மெஷின் வைத்திருந்த கிழவர் ஒருவர் தனியாக இருக்கிறார் என்பது கடைக்கு வந்தவர்கள் சொல்லித்தான் தெரியவந்தது. அந்த ஆறு நாளும் நான் கடையில் நிற்க முடிந்ததற்குக் காரணம், நான் பின்னால் எடுக்க ஒரு நொடி பிந்தியதுதான்.

உன் பார்மசியும் அப்படித்தான். மருந்து தேவையானவர்கள் சனிக்கிழமை வருவார்கள், ஞாயிறு வருவார்கள். அப்போது நீ முழுசாக இருக்க வேண்டும். சிவப்பு நேரத்தில் நீ பாதைக்குப் போனால், உன்னைத் தேடி வேறொருவர் பிள்ளையும் பாதைக்கு வர வேண்டியிருக்கும். இன்றிரவே உன் மேலாளருக்கு எழுது. இன்சுலின், நெபுலைசர் பாவிப்பவர்கள் யார் யார் என்று உனக்குத் தெரியும், மின்சாரக் கம்பனியின் முன்னுரிமைப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்கச் சொல். அது வீட்டில் இருந்துகொண்டே செய்யக்கூடிய வேலை.

வீட்டுக்கு வருவோம். 1990இல் யாழ்ப்பாணத்தில் போன கரண்ட், நான் ஊரை விட்டு வெளிக்கிடும் வரை திரும்பி வரவில்லை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, கொஞ்சமே கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் படித்தவன் நான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ கேட்டோம். அதனால் கரண்ட் இல்லாமல் இருக்க எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அங்கே கரண்ட் போனால் இருட்டு மட்டும்தான். இங்கே சூடும் போகும். காஸ் பொய்லர் என்றாலும் அதற்கும் கரண்ட் வேண்டும். மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்குள் ஆறு டிகிரி.

அதனால் இன்றிரவே ஒரு அறையைத் தெரிந்தெடு, சின்ன அறையாக. கட்டிலையும் போர்வைகளையும் அங்கே கொண்டுபோ, கதவடியில் துவாய் சுருட்டி வை. கடல் பக்கத்து ஜன்னல் உள்ள அறை வேண்டாம். இரண்டு பிளாஸ்கில் கொதிநீர், போன், பவர் பாங்க் முழுச் சார்ஜ். லேண்ட்லைனை நம்பாதே, இப்போது அது இணையப் பெட்டியில் ஓடுகிறது, கரண்ட் போனால் அதுவும் போய்விடும். கரண்ட் போனால் 105க்கு அடி, காசு இல்லை. மெழுகுதிரி வேண்டாம், டோர்ச் பாவி. பக்கத்து வீட்டார் குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்தால் தயவுசெய்து தடு, அதன் புகை ஆளைக் கொல்லும். குப்பைத் தொட்டியை இப்போதே கொட்டிலுக்குள் தள்ளிவிடு. உன் காரை அந்தப் பைன் மரத்தடியில் நிறுத்தாதே.

அம்மா உனக்கு அனுப்பிய மிளகாய்த்தூளும் பருப்பும் இருக்கும். இன்றைக்கே ஒரு சட்டி சோறும் பருப்பும் வைத்துவிடு, ஆறினாலும் சாப்பிடலாம்.

நாளை காலை 9 மணிக்கும், பின்னேரம் 6 மணிக்கும் ஒரு வரி மெசேஜ் போடு. "இருக்கிறேன்" என்று மட்டும் போதும். சிக்னல் போய்விட்டால் போகட்டும், அதற்காக வெளியே வந்து தேடாதே, நாங்கள் காத்திருப்போம்.

அந்த இரண்டு மரக் கதையை இன்றிரவே அம்மாவிடம் நான் சொல்லப் போகிறேன். சாப்பாடு முடியட்டும் என்று இருக்கிறேன். அதுவரை நீ அவவுக்குப் போன் எடுத்தால் இதைப் பற்றிக் கதைக்காதே.

அன்புடன்,
அப்பா