யாழ்ப்பாணத்துப் பாமசிக்காரருக்கு: "நாய்க்குத்தான்" என்று யாராவது கேட்டால்

அன்புள்ள பாமசி உரிமையாளர்களுக்கும், கவுண்டரில் நிற்கும் தம்பி தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். நான் ஒரு மிருக வைத்தியர். ஆனால் நாய்க்கு ஊசி போடுவதை விட்டு 26 வருடமாகிறது. பேராதனையில் படித்து (இலங்கையில் இந்தப் படிப்புக்கு அந்த ஒரு பீடம்தான்), அப்படியே ஆய்வுகூடத்துக்குள் போய்விட்டேன். நாய் பூனைகளின் தோலிலும் காதிலும் இருக்கிற பற்றீரியாக்கள் எந்த அன்ரிபயோற்றிக்குக்கு மசியும், எதற்கு மசியாது என்று பார்ப்பது என் வேலை. "நாய்ச் சிரங்கைப் பார்க்கவா இவ்வளவு படிப்பு?" என்று ஊரில் கேட்பார்கள். முன்பு கோபம் வரும். இப்போது வருவதில்லை.

போன நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து கொக்குவிலில் அக்கா வீட்டில் நின்றேன். அங்கே வளர்க்கிற நாய் ஜிம்மியின் வயிறு முழுக்கச் சீழ்க் கொப்புளம். "அது அடிக்கடி வாறதுதான். ஆறு குளிசை குடுத்தா அடங்கிடும்" என்றார் அத்தான். அந்த வருடத்தில் அது நாலாவது தடவையாம். கடைக்கு நானும் கூடப் போனேன். "நாய்க்குத்தான்" என்றார் அத்தான். அதற்குமேல் பேச்சில்லை. கத்தரிக்கோல் குளிசை அட்டையை வெட்டியது. செபலெக்சின் என்ற அன்ரிபயோற்றிக் குளிசை ஆறு, ஒரு கடதாசி உறையில் வந்தது. வைத்தியர் எழுதிய துண்டு எங்கே, நாய் எத்தனை கிலோ, ஒன்றும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அத்தானுக்குப் பழகிய கடை, நான் விருந்தாளி.

குளிசையை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு கொப்புளத்தைக் குத்திப் பஞ்சுக்குச்சியில் எடுத்தேன். திரும்பிப் போகும்போது அதையும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன்.

எங்கள் சோதனை பெரிய வித்தை ஒன்றுமில்லை. மெல்லிய மஞ்சள் களி ஊற்றிய தட்டில் பற்றீரியாவைப் பூசி, மேலே மருந்து ஊறிய வட்டக் கடதாசிகளை வைப்போம். ஒவ்வொன்றும் 6 மில்லிமீற்றர் அகலம். 35 பாகைச் சூட்டில் ஒரு இரவு. மருந்து வேலை செய்தால் கடதாசியைச் சுற்றி ஒரு தெளிந்த வட்டம் விழும். அதை அடிமட்டத்தால் அளப்போம். ஜிம்மியின் தட்டில், ஓக்சசிலின் என்ற மருந்து ஊறிய கடதாசியின் விளிம்பு வரைக்கும் பற்றீரியா பால்ஆடை போலப் படர்ந்திருந்தது. ஓக்சசிலின் தோற்றால் அமொக்சிசிலின், ஓக்மென்ரின், செபலெக்சின் எல்லாம் தோற்றதாகத்தான் கணக்கு.

அந்தப் பற்றீரியாவின் பெயர் ஸ்ரபிலோகொக்கஸ் சூடின்ரர்மீடியஸ். நாய்த் தோலில் சாதாரணமாகவே குடியிருப்பது. வேறொன்றோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருந்து, 2005இல்தான் தனிப்பெயர் வைத்தார்கள். இது மருந்தை மதிக்காமல் போவதற்குக் காரணமான மெக்-ஏ மரபணுதான் ஆஸ்பத்திரிகளில் மனிதரைப் படுத்தும் எம்ஆர்எஸ்ஏ என்ற, மருந்துக்கு மசியாத பற்றீரியாவிடமும் இருக்கிறது. நாய்ப் பற்றீரியா மனிதரில் தொற்றுவது குறைவு, ஆனால் நடக்கிறது. அக்காவுக்கு நீரிழிவு, காலில் ஆறாத புண். ஜிம்மி அதை நக்குவான், அக்கா பாசம் என்பா. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

குளிசை கொடுத்தால் பற்றீரியா புதிதாகப் பாடம் படிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. வெங்காயத் தறையில் வெங்காயத்தைப் பிடுங்கிவிட்டுக் கோரையை விட்டால் என்னவாகும்? சாகிறவை செத்து, சாகாதவைக்கு இடம் கிடைக்கிறது. அந்த வருடத்தில் அதற்கு முன் மூன்று தடவை அதைத்தான் செய்திருந்தோம்.

அன்ரிபயோற்றிக்கைத் துண்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. நான் சட்டம் பேச வரவில்லை. நீங்கள் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்குவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த மடல் எல்லோருக்கும் சேர்த்து.

"நாய்க்குத்தான்" என்று யாராவது சொன்னால், மிருக வைத்தியரிடம் காட்டினீர்களா என்று ஒரு தடவை கேளுங்கள். காது சொறிகிறது என்றால் அது பல நேரம் பற்றீரியாவே இல்லை. நுணுக்குக்காட்டியில் கச்சான் கோது போலத் தெரிகிற ஒரு மதுவம், அதாவது ஒருவகைப் பூஞ்சை. அதற்குச் செபலெக்சின் ஒன்றும் செய்யாது. மேல்தோலில் கொப்புளம் என்றால், வைத்தியரிடம் போகும்வரை குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பூவைக் கொடுங்கள்: பூசி 10 நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும், கிழமைக்கு இரண்டு மூன்று தடவை. அதிலும் உங்களுக்கு வியாபாரம்தானே. அப்புறம், சம்பந்தமில்லாத ஒன்று: பூனைக்குப் பனடோல் கேட்டால் கொடுக்கவே வேண்டாம். ஒரு குளிசையே பூனையைக் கொன்றுவிடும்.

ஜிம்மி ஒரு குளிசையும் இல்லாமல், ஷாம்பூவிலேயே ஆறு கிழமையில் தேறிவிட்டான். பத்து நிமிடம் அவனைப் பிடித்துவைத்திருப்பதுதான் பெரும்பாடு என்று அத்தான் ரெலிபோனில் திட்டினார். அந்த ஆறு செபலெக்சினும் உறையோடு என் மேசையில் இருக்கின்றன. தட்டின் படம் ஃபோனில் இருக்கிறது. அடுத்த திருவிழாவுக்கு வரும்போது கடைக்கு வருகிறேன், பாருங்கள்.

இப்படிக்கு,
கொக்குவில் ஜிம்மியின் மாமா