கட்டற்ற மென்பொருள் பயனர் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. செப்டம்பரில் மென்பொருள் விடுதலை நாள் கொண்டாடினோம். மாணவர்களுக்கு லினக்ஸ் நிறுவல் முகாம் ஒன்றும் நடத்தினோம்.

ஆண்டின் பெரும்பகுதி, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில் மென்பொருளை நிறுவத்தக்க பொதியாக்கும் விதிகளைத் தொகுத்து, தேடிப் பார்க்க உதவும் அடைவு தயாரிப்பதில் போனது. இதற்கு இவ்வளவு நேரம் வேண்டுமா என்று செயற்குழுவில் கேட்டார்கள். வேண்டும் என்பதே என் பதில். டெபியனில் விதிகளுக்குக் குறைவில்லை. பாலிசி மேனுவல், டெவலப்பர்ஸ் ரெஃபரன்ஸ், பராமரிப்பாளர் கையேடு, விக்கி என்று சிதறிக் கிடக்கின்றன. இவற்றில் கட்டுப்படுத்துவது பாலிசி ஒன்றுதான். அதிலும் 'மஸ்ட்' (கட்டாயம்) என்பதை மீறினால் பொதி வெளியீட்டில் சேராது. 'ஷுட்' (செய்ய வேண்டும், ஆனால் அவ்வளவு கட்டாயமில்லை) என்பதை மீறினால் வழுவாகப் பதிவாகும், பொதி வெளியீட்டில் இருக்கும். புதிதாக வருபவருக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்வதில்லை.

பழைய கையேடுகளால் வரும் தொல்லை தனி. அவற்றைப் பார்த்து, பொதி உருவாக்க உதவும் டெப்ஹெல்பர் என்ற கருவியின் எந்த நிலை வேண்டும் என்ற எண்ணை 'காம்பேட்' என்ற கோப்பில் எழுதுகிறார்கள். இன்றைய முறையில் பொதியின் விவரங்கள் உள்ள கன்ட்ரோல் கோப்பில், உருவாக்கத் தேவையானவற்றைச் சொல்லும் பில்ட்-டிபென்ட்ஸ் வரியில் டெப்ஹெல்பர்-காம்பேட் 13 என்று குறித்தால் போதும். இரண்டும் இருந்தால் டெப்ஹெல்பர் பிழை காட்டி நின்றுவிடும்.

ஆகவே அடைவைக் கையேட்டு அத்தியாயப்படி அடுக்காமல் கன்ட்ரோல், ரூல்ஸ், சேஞ்ச்லாக், காப்பிரைட், வாட்ச் (மூல மென்பொருளின் புதிய பதிப்பைத் தேடுவது) என்று கோப்புவாரியாகப் பிரித்தோம். பங்களிப்பவர் கையில் இருப்பது திறந்த கோப்பும், பொதியில் விதிமீறலைத் தேடும் கருவியான லிண்டியனின் எச்சரிக்கையும்தான். ஒவ்வொரு விதியின் கீழும் அது பாலிசியில் எங்கே உள்ளது, மஸ்டா ஷுடா, லிண்டியன் எந்தப் பெயரில் எச்சரிக்கும், எந்தப் பாலிசிப் பதிப்போடு சரிபார்த்தோம் என்ற நான்கும் இருக்கும். தமிழ் எழுத்துருவைப் பொதியாக்குபவர் கன்ட்ரோல் பகுதியைத் திறந்ததும் 'ஆர்க்கிடெக்சர்: ஆல்' என்ற வரியைக் காண்பார், எழுத்துருக் கோப்பு எந்த வகைக் கணினிச் செயலியிலும் (பிராசசர்) ஒன்றே என்ற காரணமும் பக்கத்திலேயே இருக்கும்.

தனிச் சூழலில் பொதியை உருவாக்கிப் பார்க்கும் எஸ்பில்ட் கருவியை மட்டும் அடைவில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தோம். தேவையான நூலகம் ஏற்கெனவே நிறுவப்பட்டிருப்பதால் சொந்தக் கணினியில் பொதி உருவாகிவிடும். பில்ட்-டிபென்ட்ஸில் விட்டுப்போனது தெரியாது. எஸ்பில்டின் வெற்றுச் சூழலில்தான் அது அகப்படும்.

அடைவைச் சரிபார்க்க ஒப்புக்கொண்ட உறுப்பினர்களில் பாதிப்பேர்கூட வரவில்லை. ஓரிருவரே எல்லாப் பகுதிகளையும் பார்த்தால் தவறு தங்கிவிடும் என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வைப்பார். வரவுக்குள் செலவை அடக்கியிருக்கிறோம். சந்தா நிலுவை அதிகம். அடைவு இருக்கும் வழங்கியின் வாடகையும் சந்தாவிலிருந்துதான் போகிறது.

இடம் தந்த கல்லூரிக்கும் முகாமில் உழைத்த தன்னார்வலர்களுக்கும் நன்றி.

பாலிசியின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் என்ன மாறியது என்ற பட்டியலும் உடன் வருகிறது. அதை வைத்து அந்தந்தப் பகுதியைத் திருத்தப் பகுதிக்கு ஒருவர் வேண்டும். காப்பிரைட், வாட்ச் இரண்டுக்கும் இன்னும் பொறுப்பாளர் இல்லை. உரிமங்களைப் படிக்கும் பொறுமை உள்ளவர் காப்பிரைட்டையும், எழுத்துத் தொடர்களின் வடிவத்தைக் குறிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தெரிந்தவர் வாட்ச்சையும் எடுத்துக்கொள்ளலாம். கூட்டம் கலைவதற்குள் பெயர் கொடுத்தால் இந்த வாரமே திருத்தும் அனுமதி தருகிறேன்.

செயலாளர்