மலைக் கிராமங்களுக்கு டிஷ் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செயற்கைக்கோள் இன்டர்நெட் வந்துவிட்டால் டவர் இல்லாத மலைக் கிராமங்களின் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று சமீபத்தில் உங்கள் பத்திரிகையில் படித்தேன். அது வரவேண்டும் என்று என்னைப்போல ஆசைப்படுகிறவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். நான் ஒடுகத்தூரில் இ-சேவை மையம் நடத்துகிறேன். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என்று ஜவ்வாது மலையில் இருக்கிற ஊர்க்காரர்கள் ஒரு சான்றிதழுக்கோ பென்ஷனுக்கோ கீழே இறங்கினால் என் கடைக்கும் வருவார்கள். அதனால் அந்தச் செய்தி சொல்லாமல் விட்ட பாதியை எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆட்டுச்சந்தைக் கூட்டத்தோடு ஒரு பாட்டி மலையிலிருந்து வந்தார். மூன்று மாதமாக முதியோர் பென்ஷன் வரவில்லை, ஆதார் விவரத்தைச் சரிபார்க்க வேண்டும், அதற்கு ஓடிபி வேண்டும். ஆதாரில் இருக்கிற நம்பர் பேரனுடையது. பேரன் மேலே சாமைக் கொல்லையில் இருக்கிறான், அவன் போனுக்குச் சிக்னல் கிடைக்க வேண்டும் என்றால் ஊரைத் தாண்டி ஒரு பாறை மேல் ஏறி நிற்க வேண்டும். நான் இங்கிருந்து அழுத்துகிறேன், ஓடிபி போகிறது, சில நிமிஷத்தில் அது செல்லாமல் போகிறது, மறுபடி அழுத்துகிறேன். சாயங்காலம் பையன் பாறைக்குப் போனபோது நாலு ஓடிபி வரிசையாக வந்து விழுந்திருக்கின்றன, நாலும் காலாவதி. பாட்டி யாரையும் திட்டவில்லை. "அடுத்த சந்தைக்கு அவனையே கூட்டியாறேன் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு நாள் கூலி, பஸ் காசு, எல்லாம் ஆறு எண்களுக்காக.

சிக்னல் எட்டாததற்கு மலையும் காடும் காரணம் என்று சொல்லலாம். ஆனால் அந்த எண் சில நிமிஷத்தில் சாக வேண்டும் என்று மலை முடிவு செய்யவில்லை. எங்கோ ஒரு அலுவலகத்தில், லைன் எப்போதும் இருக்கும் என்று நம்புகிற ஒருவர் முடிவு செய்தார். செயற்கைக்கோள் முதல் குறையைத்தான் தீர்க்கும், அதையும் முழுசாக இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பழைய செயற்கைக்கோள்கள், நம் இன்சாட் மாதிரி, பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல நிற்கும். வெளிச்சத்தின் வேகத்தில் போனாலும் சேதி மேலே போய்க் கீழே வர கால் விநாடி, பதில் வர இன்னொரு கால் விநாடி. டிவிக்கு அது பரவாயில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் பத்து முறை சர்வரோடு பேசுகிற இன்றைய ஆப்புகளுக்கு அந்த அரை விநாடி பத்து மடங்காகி ஆளைச் சோர வைக்கும். புதிதாக வருகிறவை 550 கிலோமீட்டர், 1,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன, தாமதம் கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் தாழ்வாகப் பறக்கிற செயற்கைக்கோள் ஒரு இடத்தில் நிற்காது, ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய உலகையே ஒரு சுற்று சுற்றிவிடும், நம் தலைக்கு மேல் சில நிமிஷம்தான் இருக்கும். அதனால் ஒன்றிரண்டு போதாது, நூற்றுக்கணக்கில் வேண்டும், ஒன்று மறையும்போது அடுத்தது வந்து நம்மைப் பிடித்துக்கொள்ள வேண்டும். செல்போனில் நாம் நகர்கிறோம், டவர் நிற்கிறது. இதில் நாம் நிற்கிறோம், டவர் ஓடுகிறது. இப்படித் தாழ்வாகச் சுற்றுகிற ஒன்வெப் நிறுவனத்தின் 72 செயற்கைக்கோள்களை 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு தடவையாக ஏற்றி அனுப்பியது நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான். இதே மாதிரி இன்டர்நெட் தருகிற ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கும் 2025-ல் இங்கே உரிமம் கிடைத்துவிட்டது.

சரி, வானத்தில் இப்படி ஒரு பெரிய வலை இருக்கிறது. அது தரையைத் தொடும் இடத்தில் என்ன ஆகிறது? டிஷ் வேண்டும், டிஷ்ஷுக்கு மரம் மறைக்காத வானம் வேண்டும், விடாத கரண்ட் வேண்டும், மாதாமாதம் கட்டணம் கட்ட ஆள் வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் டிஷ் வைக்க மலையில் யாராலும் முடியாது. ஆக பஞ்சாயத்து ஆபீசில் ஒன்று வைப்பார்கள், திறப்பு விழா நடக்கும். எங்கள் மலைப் பஞ்சாயத்து என்பது சமவெளி ஊர் மாதிரி ஒரே தெரு இல்லை, குக்கிராமங்களாகச் சிதறிக் கிடக்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே மணிக்கணக்காகும். பஞ்சாயத்து ஆபீஸ் பூட்டியிருந்தால் அவ்வளவுதான். வானத்தில் ஆயிரம் கண்ணி, தரையில் ஒரே ஒரு முடிச்சு!

1964-ல் அமெரிக்காவில் பால் பாரன் என்கிற பொறியாளர், போரில் பாதி அழிந்தாலும் பேசிக்கொள்ளக்கூடிய தொடர்பு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியபோது மூன்று படம் போட்டார். ஒன்று, நடுவில் ஒரு புள்ளி, எல்லாக் கம்பியும் அங்கே போகும். இரண்டாவது, அப்படிப்பட்ட சில புள்ளிகள் சேர்ந்தது. மூன்றாவது மீன்பிடி வலை மாதிரி, ஒவ்வொரு முடிச்சும் பக்கத்து முடிச்சுகளோடு மட்டும் சேர்ந்திருக்கும், நடுப்புள்ளியே கிடையாது. ஒரு முடிச்சுக்கு மூன்று நாலு இழை இருந்தாலே போதும், நிறைய அறுந்த பிறகும் மீதி பேசிக்கொண்டிருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். நான் கேட்கிறது அந்த மூன்றாவது படத்தைத்தான். மலையில் வெட்டவெளி கிடைக்கிற இரண்டு மூன்று இடத்தில் டிஷ், பள்ளிக்கூடமோ ஆரம்ப சுகாதார நிலையமோ. அங்கிருந்து குக்கிராமத்துக்குக் குக்கிராமம் முகட்டிலிருந்து முகட்டுக்கு வைஃபை ஆண்டெனா, சோலார் பேனல், பேட்டரி. ஒரு டிஷ் கெட்டால் அடுத்ததன் வழியாகப் போகட்டும்.

இது கற்பனை இல்லை. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை 2000களின் நடுவிலேயே இதைச் செய்து காட்டியது. சுற்று வட்டாரக் கிராமங்களில் சின்னச் சின்னக் கண் பரிசோதனை மையம், மருத்துவமனையில் டாக்டர், நடுவே நீண்ட தூரம் போகிற வைஃபை, நோயாளி அங்கேயே உட்கார்ந்து டாக்டரோடு வீடியோவில் பேசினார். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆட்கள் தொழில்நுட்பம் தந்தார்கள். வீட்டு வைஃபை, அனுப்புகிற தகவலின் ஒவ்வொரு துண்டுக்கும் 'கிடைத்தது' என்ற பதிலுக்குக் காத்திருக்கும், தூரம் கூடினால் அந்தக் காத்திருப்பே அதைக் கெடுத்துவிடும். அதனால் இரண்டு முனையும் முறை வைத்துப் பேசுகிற மாதிரி மாற்றி அமைத்தார்கள். அதற்குத் தேவை மறைப்பில்லாத நேர்ப் பார்வை மட்டும்தான். முகட்டுக்கு முகடு தெரிகிற எங்கள் மலைக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது?

செயற்கைக்கோளும் இந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்லை. 1911 வரை எங்கள் வேலூர் அடங்கிய வட ஆற்காடு மாவட்டத்தோடு இருந்த சித்தூர்ப் பக்கத்தில் அரகொண்டா என்ற கிராமம். 2001-லேயே இஸ்ரோ அங்கிருந்த மருத்துவமனையைச் சென்னை அப்போலோவோடு இன்சாட் வழியாக இணைத்தது. காட்பாடியிலிருந்து பஸ்ஸில் போய்வந்துவிடுகிற தூரம். அத்தனை வருஷத்துக்கு முன்பே அங்கே முடிந்தது, எங்கள் மலையில் இன்னும் பாறை மேல் ஏறுகிறோம் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரி சேருவதற்குள் இறந்துபோனதை நீங்களும் செய்தியாகப் போட்டிருப்பீர்கள். அன்று இல்லாமல் போனது ரோடு, அதை மறைத்துப் பேச மாட்டேன், ரோடுதான் முதலில் வேண்டும். ஆனால் கடிபட்ட அந்த நிமிஷமே கீழே ஒரு நர்ஸுக்குத் தெரிந்தால் எதிர்த் திசையிலிருந்து ஒரு வண்டியாவது புறப்படும். டோலி கட்டித் தூக்கி வருகிற ஊர்களுக்கு அப்படி மிச்சமாகிற அரை மணி நேரம் சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் ஆப்புகள். அரசாங்கம் கவனிக்க வேண்டியதில் பெரியது இதுதான் என்பது என் எண்ணம். தேனி வேலையை முன்னின்று நடத்திய பெர்க்லி பேராசிரியர் எரிக் ப்ரூவரேதான் 2000-ல் ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னார், கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் அது தெரியும். பல இடத்தில் பரவிக் கிடக்கிற ஒரு கணக்கில் நடுவே லைன் அறுந்தால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்: கணக்கு துல்லியமாக இருக்க வேண்டும் என்று வேலையை நிறுத்தலாம், அல்லது கையில் இருக்கிற விவரத்தை வைத்து வேலையைத் தொடர்ந்துவிட்டு லைன் வந்ததும் சரிசெய்துகொள்ளலாம். வங்கி ஏடிஎம்மை அவரே உதாரணம் காட்டியிருக்கிறார், லைன் போனாலும் ஒரு அளவுக்குள் பணம் கொடுக்கிற மாதிரி அதை அமைக்க முடியும், நஷ்டம் வந்தாலும் அந்த அளவோடு போகும். நம் ரிசர்வ் வங்கியும் 2022 ஜனவரியிலேயே, 200 ரூபாய் வரையிலான சின்னப் பரிமாற்றத்தை நெட் இல்லாமலே செய்ய அனுமதித்தது.

ரேஷன் கடை மெஷினுக்கு ஏன் இது இல்லை? கைரேகை வைத்துச் சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தால் ஜனங்கள் கால் கடுக்க நிற்கிறார்கள். மலைமேல் இருக்கிற கடையின் கார்டுதாரர்கள் யார் யார் என்று அந்த மெஷினுக்கே தெரியும். இந்த மாத அரிசியைக் கொடுத்துப் பதிந்துகொள்ளட்டும், லைன் வந்ததும் மேலே அனுப்பட்டும். அதே குடும்பம் அன்றைக்கே மலையிறங்கி வேறு கடையில் இன்னொரு முறை வாங்கிவிடும் என்று பயப்படுகிறவர்களை ஒரு தடவை பீஞ்சமந்தைக்கு நடந்து வரச் சொல்லுங்கள். நான் கண்ணால் பார்த்த இன்னொன்று, நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி முதல் மொபைல் ஆப்பில் போட்டோவோடு வருகைப்பதிவு கட்டாயம் ஆனபோது, பதிவு ஏறாமல் போய்க் கூலி நின்றுவிடுமோ என்று என் கடை வாசலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். மண்வெட்டி பிடிக்கிற கையில் போனைக் கொடுத்து அலைய விட்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லைனே இல்லாத ஊருக்குப் பஸ் ஒரு லைன்தான். கர்நாடகாவில் தொட்டபள்ளாப்பூர் பக்கம் இருபது வருஷத்துக்கு முன்பே பஸ்ஸில் ஒரு வைஃபை பெட்டியை வைத்தார்கள். பஸ் கிராமத்தில் நிற்கும்போது அங்கிருக்கிற விண்ணப்பங்களை வாங்கிக்கொள்ளும், டவுனுக்கு வந்ததும் இறக்கிவிடும், நில ஆவணம் இப்படிப் போய் வந்தது. டாக்நெட் என்று பெயர், இந்தியில் டாக் என்றால் தபால், இதுவும் தபால் மாதிரி என்பதால். எங்கள் மலைக்கு எத்தனையோ காலம் கழித்து இப்போதுதான் ரோடு வருகிறது, பஸ்ஸும் ஜீப்பும் ஏறுகின்றன. டிஷ் வருகிறவரை ஒரு விண்ணப்பம் ஒரு நாள் கழித்துப் போனால் என்ன? பாட்டி ஒரு வாரம் கழித்து வருவதைவிட மேல். அதற்கு அந்த விண்ணப்பம் ஒரு நாள் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மலையின் இன்னொரு பக்கம் காவலூரில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. தாழ்வாகப் பறக்கிற செயற்கைக்கோள்கள் அந்த மாதிரி இடங்களில் எடுக்கிற படங்களில் கோடு கோடாக விழுகின்றன என்பது உலகம் முழுக்க வானியல்காரர்களின் கவலை. உரிமம் கொடுக்கும்போது அதையும் கேட்டு, வெளிச்சம் குறைவாகத் திருப்பி அனுப்புகிற செயற்கைக்கோள்தான் வேண்டும் என்று வற்புறுத்த வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்துக்கு உங்கள் பத்திரிகை வழியாக என் வேண்டுகோள் இது: அணைக்கட்டு ஒன்றியத்து மூன்று மலைப் பஞ்சாயத்துகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, மழைக்காலம் உட்பட ஒரு வருஷம் இந்த வலையைப் போட்டுப் பாருங்கள். வேலூரில் இத்தனை பொறியியல் மாணவர்கள் இருக்கிறார்கள், ஆண்டெனா கட்டவும் பழுது பார்க்கவும் மலைப் பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள், கீழேயிருந்து ஆள் வரட்டும் என்று காத்திருந்தால் ஒரு மழைக்கு நின்றது நின்றதுதான். பென்ஷன், ரேஷன், வருகைப்பதிவு மூன்றுக்கும் லைன் இல்லாமல் ஓடுகிற வழியை மென்பொருள் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், மலை ஊர்களுக்கு ஓடிபி ஆயுளை ஒரு நாளாவது ஆக்குங்கள், அது முடியாது என்றால் நேரில் வந்தவரின் கைரேகையோடு விடுங்கள்.

என் கடை மொட்டை மாடியிலிருந்து மலை முகடு மறைப்பில்லாமல் தெரிகிறது. கீழ் முனை ஆண்டெனாவுக்கு அந்த இடத்தையும் கரண்டையும் காசு வாங்காமல் தருகிறேன், எந்த நாளும் வந்து பார்க்கலாம், வெள்ளிக்கிழமை மட்டும் கூட்டமாக இருக்கும்.

இப்படிக்கு,
இ-சேவை மையம் நடத்துபவர்,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்.