ஒரு குவார்ட்டரும் 60 கிராமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடிப்பழக்கம் பற்றிய தங்கள் தலையங்கம் மன உறுதியை மட்டுமே பேசியது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கூலிக்காரர் குடியில் வேறு கணக்கும் உண்டு.

180 மி.லி. குவார்ட்டரில் ஆல்கஹால் 42.8 சதவீதம்; எடையில் சுமார் 60 கிராம். ஒரே அமர்வில் 60 கிராம் என்பதுதான் மிதமிஞ்சிய குடிக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. 'ஒரு குவார்ட்டர்தானே' என்பவர் அதைத் தொட்டுவிட்டார். கிரானைட் குவாரியில் பகலெல்லாம் வெயிலில் நின்றுவிட்டு, வெறும் வயிற்றில், தண்ணீர் பாக்கெட்டைப் பிய்த்து ஊற்றிப் பத்தே நிமிடத்தில் முடிக்கிறார். அதையே சாப்பாட்டோடு மூன்று மணி நேரம் குடிக்கும் ஓசூர் மேனேஜருக்கு ரத்தத்தில் அவ்வளவு ஏறாது.

கேட்டால் 'உடம்பு வலிக்கு' என்பார். பொய்யில்லை. ஃப்ளோரைடு தண்ணீரால் மூட்டும் முதுகும் இறுகிய ஊர்கள் இங்கே உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான்.

நிறுத்தும்போது இன்னும் ஆபத்து. கோயிலில் கயிறு கட்டியோ, சபரிமலைக்கு மாலை போட்டோ ஒரே நாளில் விடுகிறார்கள். தினமும் நிறையக் குடித்தவருக்கு முதல் நாளே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இல்லாத உருவமெல்லாம் தெரியும், பேச்சு குழறும். 'சாமி குத்தம்' என்று பூசாரியிடம் கூட்டிப்போனால் உயிரே போகலாம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் (பி1) ஊசி போட வேண்டும். சத்தில்லாத உடம்பில் வெறும் குளுக்கோஸ் மூளையைக் கெடுத்துவிடும். கயிறு கட்டுவதில் தவறில்லை, டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிய பிறகு கட்டட்டும். மாத்திரை இல்லாதவர் காலை நடுக்கத்துக்குத் திருட்டுத்தனமாக மது விற்கும் சந்துக்கடையைத்தான் தேடுவார். டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. அதுவரை சந்துக்கடைக்காரர் சொன்னதுதான் விலை.

வீடு தேடி வந்து மருத்துவம் பார்க்கும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். சர்க்கரையும் பிரஷரும் பார்க்க வரும் பணியாளரே மூன்று கேள்வி கேட்கலாம்: எத்தனை நாளுக்கொரு முறை குடிக்கிறீர்கள், குடிக்கும் நாளில் எவ்வளவு, ஒரே தடவையில் ஒரு குவார்ட்டரோ அதற்கு மேலோ குடிப்பது எத்தனை முறை? ஆனால் பகலில் வந்தால் வீட்டில் ஆள் இருக்கமாட்டார். குவாரிக்கோ, ஞாயிறு காலை வீட்டுக்கோ வர வேண்டும். பையில் பி1 மாத்திரையும் இருக்க வேண்டும்.

– ஒரு வாசகர், பென்னாகரம்